மூன்றாவது திருகு

அறுபதுகளின் தொடக்கத்தில் சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால், ஃபேரர் பார்க் திடலுக்கு நடக்கிற தூரத்தில், ஒரு கடைவீட்டின் மாடியில் நாங்கள் குடியிருந்தோம். நான், என் மனைவி, எங்கள் ஒரே மகள். கீழ்வீட்டில் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கும் ஓர் அம்மாள் இருந்தார். தெருவே அவரை அக்கா என்றுதான் கூப்பிடும். சாலைக்குத் தார் போட்டுத் தார் போட்டு மேடாக்கியதில் எங்கள் வீடு பள்ளத்துக்குப் போய்விட்டது. பின்கட்டு முற்றத்தில் விழும் மழைத்தண்ணீர் சாக்கடைக்கு ஏறாது. மாறாக, சாக்கடைத் தண்ணீர்தான் எங்களைப் பார்க்க வரும்.

அதனால் வீட்டுச் சொந்தக்காரரான சீன முதலாளி, எங்கள் பேச்சில் தவுக்கே, முற்றத்தில் ஒரு குழி வெட்டி, அதில் கரண்டுப் பம்பு ஒன்றை வைத்துக் கொடுத்திருந்தார். தண்ணீர் குழியில் சேரச் சேர ஒரு செம்புப் பந்து மிதந்து மேலே வரும். பந்தோடு சேர்ந்த கம்பி சுவரில் இருக்கும் ஒரு சின்னப் பெட்டியைத் தட்டிவிடும். பம்பு தானாக ஓடித் தண்ணீரைத் தெருச் சாக்கடைக்குத் தள்ளும். தண்ணீர் வடிந்தால் பந்து இறங்கும், பம்பு நின்றுவிடும். அவ்வளவுதான் சமாச்சாரம். ஆனால் அந்தப் பெட்டிக்குள் இருந்த சுவிட்சு வருஷம் போகப் போக மக்கர் பண்ண ஆரம்பித்தது. செருப்பால் நாலு தட்டுத் தட்டினால்தான் ஓடும்.

பம்புக்குப் பொறுப்பாளி நான்தான். தவுக்கே அப்படிச் சொல்லியிருந்தார். ஏன் நான்? நான் கிராணி. குமாஸ்தாவை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் கம்பெனி ஆபீஸில் நாள் முழுக்க இங்கிலீஷில் கடிதம் எழுதுகிறவன். தெருவில் யாருக்கு அரசாங்கத்திலிருந்து காகிதம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். நானும் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, கேட்டவரைக் கொஞ்சம் காக்க வைத்துத்தான் படித்துச் சொல்வேன். அந்த அல்பத்தனம் எனக்கு அப்போது பெருமையாக இருந்தது.

டிசம்பர் மாதம். மழை பிடித்துக்கொண்டது. செருப்படிக்கும் சுவிட்சு மசியவில்லை. ஒயர்மேனைக் கூப்பிட்டனுப்பினேன். அவர் எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளி இருந்தவர். என் வயதுதான் இருக்கும். பள்ளிக்கூட வாசலை அதிகம் மிதித்ததில்லை. வெள்ளைக்காரன் பட்டறை ஒன்றில் எடுபிடியாகச் சேர்ந்து, பார்த்துப் பார்த்தே கரண்டு வேலை கற்றுக்கொண்டவர். தவுக்கேவுக்குப் பக்கத்துத் தெருவில் எட்டு வீடுகள் ஒரே வரிசையாக இருந்தன. அத்தனைக்கும் புதிதாக ஒயரிங் செய்யும் வேலையை இவருக்குத்தான் கொடுப்பதாகப் பேச்சு. எட்டு வீட்டை ஒழுங்காக முடித்தால் ஒயர்மேன் என்ற பெயர் நிலைத்துவிடும், பிறகு யாரிடமும் போய் வேலை கேட்டு நிற்க வேண்டியதில்லை என்று அவர் மனைவி என் மனைவியிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு புதுச் சுவிட்சுப் பெட்டியோடு வந்தார்.

"கிராணி, பழசு செத்துப்போச்சு. புது ப்ளோட்டு சுவிட்சு கொண்டாந்திருக்கேன்" என்றார்.

"ப்ளோட்டு இல்லப்பா, ஃப்ளோட்டு. உதட்டைக் கடிச்சுச் சொல்லு."

அவர் சிரித்தார். "எனக்கு எங்க கிராணி அதெல்லாம் வருது? ஓடினாச் சரி லா."

அக்காவும் சிரித்தார். நான் மேதாவி மாதிரி கைகட்டிக்கொண்டு நின்றேன். வயதொத்த ஒரு மனிதர் என்னை 'நீங்க' என்கிறார், நான் அவரை 'நீ' என்கிறேன். அது தப்பென்று எனக்கு அன்றைக்குத் தோன்றவே இல்லை.

அவர் பழைய பெட்டியைக் கழற்றிப் புதியதை மாட்டிக்கொண்டிருந்தபோது தெருவிலேயே கரண்டு போய்விட்டது. எங்கேயோ கம்பி பழுது பார்க்கிறார்களாம், சாயந்திரம்தான் வரும் என்றார்கள். ஒயர்மேன் வேலையை முடித்து மூடியை மாட்டிவிட்டுக் கையைத் துடைத்தார்.

"மாட்டிட்டேன் கிராணி. ஆனா ஓட்டிப் பாக்கல. நாளைக்கு மத்தியானம் அந்தப் பக்கம் வேலை முடிஞ்சதும் வந்து, பந்தைத் தூக்கி ஓட்டிப் பாத்துட்டுத்தான் ஒப்படைப்பேன். அதுவரைக்கும் மெயின் சுவிட்சைத் தொறக்காதீங்க. யாரும் கை வைக்க வேணாம்."

"சரி சரி, போயிட்டு வா" என்றேன்.

சாயந்திரம் ஆறு மணிக்குக் கரண்டு வந்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஓடுகிறதா இல்லையா என்று பார்த்துவிட வேண்டும். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்வது என்று சொல்வார்களே, அதற்கு என்னைவிடத் தோதான ஆள் சிங்கப்பூரில் அன்று இருந்திருக்க மாட்டான். திருப்புளியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். அக்கா கோவிலுக்குப் போயிருந்தார். மகள் மாடியில் படித்துக்கொண்டிருந்தாள். என் மனைவி மட்டும் பின்னாலேயே வந்தாள்.

"அந்த அண்ணன் நாளைக்கு வர்றேன்னாரே. விடுங்களேன்."

"நீ இந்தத் திருகைப் பிடி. தட்டுல போடு. தொலைச்சிடாதே."

மூடியின் உட்புறத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. இங்கிலீஷ். எனக்குப் பாயசம் கிடைத்த மாதிரி இருந்தது. படித்தேன். பெட்டிக்குள் கம்பி முடுக்க மூன்று திருகு. பந்து ஏறும்போது இரண்டாவது திருகு 'குளோஸ்' ஆகும், மூன்றாவது திருகு 'ஓப்பன்' ஆகும். பந்து இறங்கினால் அப்படியே தலைகீழ். உள்ளே பார்த்தால் ஒயர்மேன் கம்பியை இரண்டாவது திருகில் முடுக்கியிருந்தார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்த் தமிழில் விளக்கை யாரும் அணைப்பதில்லை, அடைப்பார்கள். விளக்கைப் போடுவதும் இல்லை, திறப்பார்கள். "விசிறியைத் தொற", "லைட்டை அடைச்சிட்டு வா" என்றுதான் பேச்சு. மலாய்க்காரர்களும் சீனர்களும் அவரவர் பாஷையில் அப்படித்தான் சொல்கிறார்கள், கேட்டுக் கேட்டு எங்களுக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது. ஆகவே 'குளோஸ்' என்றதும் என் மண்டையில் என்ன ஓடியது? அடைப்பது. அடைத்தால் நிற்கும். தண்ணீர் ஏறும்போது பம்பு நின்றுவிடுமா? எந்த ஊர் நியாயம் இது?

"பாத்தியா, பாத்தியா!" என்று கத்தினேன். "தண்ணி ஏறினா அடையிற திருகுல கொண்டுபோய் மாட்டியிருக்கான். ஏறும்போது தொறக்கணுமா, அடையணுமா? நீயே சொல்லு!"

"தொறக்கணும்" என்றாள் பாவம்.

"பச்சைப் பிள்ளைக்குத் தெரியுது. நாலு எழுத்துப் படிச்சிருந்தா இந்தக் காகிதத்தைப் படிச்சிருப்பான்ல? இவனை நம்பி எட்டு வீடு!"

மெயின் அடைத்தபடியே இருந்தது. கம்பியை இரண்டாவது திருகிலிருந்து கழற்றி மூன்றாவதில் முடுக்கினேன். மெயினைத் திறந்தேன். குழியில் அரையடித் தண்ணீர்தான் கிடந்தது. பம்பு உடனே உர்ரென்று ஓடியது. எனக்குக் கால் தரையில் இல்லை. என் மனைவி ஆச்சரியத்தோடு பார்த்தாள். குழி காய்ந்த பிறகும் பம்பு நிற்கவில்லை. அப்போதாவது யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. புது இயந்திரம், பழகினால் சரியாகும் என்று நானே ஒரு காரணத்தைச் சொல்லிக்கொண்டு மெயினை அடைத்தேன். "மழை வந்தா மட்டும் மெயினைத் தொற, போதும்" என்று அவளுக்கு உத்தரவும் போட்டேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் நேராக இருந்த கூடத்தை இடித்துக் கோணலாக்கியவன்.

மறுநாள் பதினோரு மணிக்கே வானம் இருட்டிக்கொண்டு வந்து கொட்டியது. கடலிலும் அப்போது ஏற்றம். நான் ஆபீஸில் இருந்தேன். என் மனைவி சொன்னபடி ஓடிப்போய் மெயினைத் திறந்திருக்கிறாள். பம்பு மூச்சு விடவில்லை. எப்படி விடும்? அதற்குள் தண்ணீர் ஏறி, பந்தும் ஏறி, நான் மாட்டிய திருகு கரண்டை வெட்டிவிட்டிருந்தது. பெட்டியைத் தட்டியிருக்கிறாள், குத்தியிருக்கிறாள். குழி நிரம்பி, முற்றம் நிரம்பி, சாக்கடையும் சேர்ந்துகொண்டு, கறுத்த தண்ணீர் அக்காவின் தையல் அறைக்குள் முழங்கால் அளவு போய்விட்டது. ஜனவரியில் பள்ளி திறக்கும். தைத்து மடித்து அடுக்கிய வெள்ளைச் சட்டைகள் எல்லாம் தரையோடு தரையாக இருந்தன.

மழைக்காக ஆபீஸை முன்னதாக விட்டார்கள். மூன்று மணிக்கு நான் வந்தபோது வாசலில் கூட்டம். அக்கா தலையில் அடித்துக்கொண்டு நின்றார். தவுக்கே குடையும் கையுமாக வந்திருந்தார். என் மனைவி மாடிப்படியின் கடைசிப் படியில் புடவை நனைய நின்றாள். ஒயர்மேன் முற்றத்துத் தண்ணீருக்குள் நின்று பெட்டியின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஓட்டிப் பாக்காமப் போனியேப்பா!" என்று அக்கா கதறினார். "என் பொழப்பே போச்சே! நீ நல்லா இருப்பியா?"

அவர் பெட்டிக்குள் குனிந்தார். உள்ளே பார்த்தார். திருப்புளியால் ஒரு திருகைத் தொட்டார், இன்னொன்றைத் தொட்டார். அப்படியே நின்றுவிட்டார். பிறகு தனக்குத்தானே பேசுகிற குரலில் சொன்னார்: "மூணாவதுல இருக்கு. ரெண்டாவதுல இல்ல இருக்கணும்."

கம்பியை மாற்றினார். மெயினைத் திறந்தார். பம்பு ஓடியது. தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. எல்லார் முன்னாலும் ஓடிற்று.

"கரண்டு வேலையில குளோஸ்னா ஓடும், ஓப்பன்னா நிக்கும். வீட்டுப் பேச்சுக்கு நேர் எதிரு" என்றார் அவர், யாரையும் பார்க்காமல். "பட்டறையில மொத நாளே எங்க ஃபோர்மேன் சொல்லிக் குடுத்தது. அதுல போய்..." என்று நிறுத்தி, என்னைப் பார்த்தார். "கிராணி, நான் போன பெறகு யாரும் கை வைக்கலியே?"

அந்தக் கேள்வியில் குற்றச்சாட்டு இல்லை. சத்தியமாக இல்லை. ஒரு பிடி கிடைக்காதா என்று ஒரு மனிதர் கேட்கிறார், அவ்வளவுதான். 'நான்தான்' என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல எனக்கு இங்கிலீஷ் வேண்டாம், காகிதம் வேண்டாம். ஆனால் தவுக்கே நிற்கிறார், தெரு நிற்கிறது, எல்லாருக்கும் காகிதம் படித்துச் சொல்கிற கிராணி ஒரு வார்த்தையைத் தப்பாகப் படித்தான் என்று நாளைக்குத் தேக்கா மார்க்கெட் வரைக்கும் சிரிக்குமே! நான் குடையைச் சுருக்கினேன். சுருக்கின குடையை மறுபடி விரித்தேன்.

என் மௌனத்தை அவர் 'இல்லை' என்று எடுத்துக்கொண்டார்.

"அப்ப நான்தான் மாத்தி முடுக்கிட்டேன்" என்றார். "மழை இருட்டுல, கரண்டும் இல்லாம... என் தப்புதான் அக்கா."

தவுக்கே மலாயில் இரண்டே வார்த்தை சொன்னார். இனி இந்த ஆள் வேண்டாம் என்று அர்த்தம். எட்டு வீட்டு வேலை அத்தோடு போயிற்று. படியில் நின்ற என் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

சாயந்திரம் சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஏங்க, நான் தட்டு பிடிச்சேன். எனக்கும் பங்கிருக்கு. ஆனா நான் போய்ச் சொன்னா உங்களைக் காட்டிக் குடுத்த மாதிரி இருக்கும். நீங்களே சொல்லிடுங்க. அவரு நல்ல மனுசன், ஒண்ணும் நினைக்க மாட்டாரு."

"சொல்றேன். நாளைக்குச் சொல்றேன்."

நாளைக்கு மழை. அடுத்த நாள் ஆபீஸில் வேலை. அதற்கடுத்த நாள் அவர் வீட்டில் விருந்தாளி. கிறிஸ்மஸ் போயிற்று, புது வருஷம் போயிற்று. தெருமுனையில் அவர் தலை தெரிந்தால் நான் எதிர் வரிசைக் கடைக்குள் நுழைந்து வேண்டாத சாமானை விலை கேட்பேன். என் மனைவி தினமும் கேட்டாள், பிறகு வாரம் ஒருமுறை கேட்டாள், அப்புறம் கேட்காமல் பார்த்தாள். அக்கா வீட்டுச் சட்டைகளைத் துவைக்க அவளே இறங்கிப் போனாள். நாலு நாள் நீலம் போட்டு வெளுத்துக் கொடுத்தாள், பாதிக்கு மேல் தேறியது. என் பாவத்தை அவள் கையால் அலசினாள். எனக்கு அது தெரிந்தது. தெரிந்தும் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன்.

பொங்கலுக்கு அப்புறம் ஒரு நாள் ஒயர்மேன் குடும்பத்தோடு வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு போய்விட்டார் என்று கேள்விப்பட்டோம். புக்கிட் பாஞ்சாங் பக்கம் ஒரு கம்பத்துக்கு, அதாவது குடிசைக் கிராமத்துக்கு. என் மனைவி அன்றைக்கு அடுப்பைப் பற்ற வைக்கவில்லை.

"நீங்க போய்ச் சொல்லாட்டி இந்த வீட்டுல எனக்குச் சோறு இறங்காது" என்றாள். கோபக்காரன் நான்தான், ஆனால் அன்றைக்குக் கோபப்பட்டது அவள். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

வழியெல்லாம் மனப்பாடம் செய்தேன். 'அந்தக் கம்பியை மாற்றியது நான்.' இவ்வளவுதான் வாக்கியம். பஸ் மாறி, மண்ரோட்டில் நடந்து, கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்ந்தபோது அவர் அத்தாப்பு ஓலைக் கொட்டகைக்கு முன்னால் காக்கி அரைக்கால் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். ஒரு பலகை ஆலையில் ஜாகா வேலை, ராத்திரி காவல். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"கிராணி! இம்புட்டு தூரமா? வாங்க, வாங்க. ஏ புள்ள, யாரு வந்திருக்காங்க பாரு!"

உட்கார நாற்காலி கொடுத்துவிட்டு அவர் பலகையில் உட்கார்ந்தார். கரண்டு வேலை எப்படிப் போகிறது என்று கேட்டேன். என் வாய் வேறெதையோ கேட்கத் திறந்தது, இதைக் கேட்டுவிட்டது.

"விட்டுட்டேன் கிராணி" என்றார். "சாமானையெல்லாம் மச்சானுக்குக் குடுத்துட்டேன். தவுக்கே வேலை போனா வேற தவுக்கே. அது இல்ல. அன்னைக்கு அந்தக் கம்பியை நான் ரெண்டாவதுலதான் முடுக்கினேன்னு என் கண்ணு இப்பவும் சொல்லுது. ஆனா இருந்தது மூணாவதுல. அப்ப என் கண்ணையே நான் நம்ப முடியாது இல்ல? அதுக்கப்புறம் ஒரு வீட்டுல வெளக்கு மாட்டினேன். ஒரே திருகை நாலு தடவை கழட்டிப் பாத்தேன். வீட்டுக்கு வந்து திரும்பவும் போனேன். இப்படிப்பட்ட கை கரண்டைத் தொடக்கூடாது. ஏதாச்சும் குழந்தை மேல அடிச்சிட்டா?"

அந்த வாக்கியம் என் நாக்கு நுனியில் இருந்தது. அவருக்கு வேலையைத் திருப்பிக் கொடுக்க என்னால் முடியாது. ஆனால் அவர் கண்ணைத் திருப்பிக் கொடுக்க முடியும். ஒரே மூச்சு. அவர் மனைவி கோப்பியோடு வந்தாள்.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும்" என்றாள். "அன்னைக்கு ஊரே இவரைத் திட்டுச்சு. அக்கா திட்டுனாங்க, தவுக்கே திட்டினான். நீங்க ஒருத்தர்தான் ஒரு வார்த்தைகூடச் சொல்லலியாம். படிச்சவங்க படிச்சவங்கதான்னு இவரு அடிக்கடி சொல்வாரு. இப்ப வேற இம்புட்டு தூரம் தேடி வந்திருக்கீங்க."

அவர் தலையை ஆட்டினார். கண் கலங்கியிருந்தது.

நான் கோப்பியைக் குடித்தேன். சூடு. நாக்கு பொத்துப்போனது. இன்னொரு கோப்பை ஊற்றினாள், அதையும் குடித்தேன். மழை வரும்போல இருக்கிறது, புறப்படுகிறேன் என்றேன். அவர் பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடவே வந்து ஏற்றிவிட்டார். பஸ் நகர்கிற வரைக்கும் கையை உயர்த்திக்கொண்டே நின்றார். அட மடையா, இறங்கு, இப்போதாவது இறங்கு என்று எனக்குள் நானே திட்டிக்கொண்டேன். பஸ் திரும்பியது. நான் இறங்கவில்லை.

என் மனைவி வீட்டு வாசலிலேயே காத்திருந்தாள்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"பரவாயில்ல, விடுங்க கிராணின்னாரு."

அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தாள். எனக்குப் பிடித்த சுறாப் புட்டு செய்து, அவளும் கூட உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டாள். அத்தனை வாரத்துக்குப் பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

சில வருஷங்கள் கழித்து மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா பேச்சுவாக்கில், "சம்பந்தி கொஞ்சம் கோபக்காரராமே?" என்று கேட்டுவிட்டார்.

"கோபக்காரர்தாங்க" என்றாள் என் மனைவி. "ஆனா தப்பு தன்னோடதுன்னு தெரிஞ்சா, பஸ் ஏறிப் போய் ஒரு ஒயர்மேன் வீட்டு வாசல்ல நின்னு மன்னிப்புக் கேட்டுட்டு வருவார். அப்படிப்பட்ட மனுசன். எனக்குத் தெரியும்."

வந்திருந்தவர்கள் எல்லாரும் என்னை மரியாதையோடு பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.